கதவின் வாய்

38, பெல்மோர் றோட்,
பிளேஸ்டோ, லண்டன்.
9.3.1986

அன்புள்ள பெர்னடெற்றுக்கு,

நான் சுகம் என்று தொடங்கினால் நீர் நம்பமாட்டீர். போன கிழமை படியில் சறுக்கி விழுந்து, இருக்கிற இடம் இன்னும் நோகிறது. அதனால் இதை நின்றுகொண்டே எழுதுகிறேன். மற்றப்படி சுகம்.

படி என்றதும் யோசித்திருப்பீர். ஓம், வீடு கிடைத்துவிட்டது. டூட்டிங்கில் ஆறு பேரோடு ஓர் அறையில் கிடந்தவனுக்கு இப்போது கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை. வாடகைதான். இங்கிருந்து, பார்க்கிங் றோட் என்ற பெரிய தெருவில் நான் வேலை செய்யும் பெற்றோல் செட்டுக்கு நடந்தே போகலாம். றோட்டில் எல்லா வீடும் ஒன்றோடொன்று ஒட்டி, தோளில் கை போட்டபடி நிற்கின்றன. வேலி இல்லை, கேற் இல்லை. கதவைத் திறந்தால் றோட்.

கதவின் நடுவில் ஒரு வாய் வைத்திருக்கிறார்கள். பித்தளை மூடி போட்ட நீட்டு ஓட்டை. முதல் நாள் அது பூனை போய்வருவதற்கு என்று நினைத்து, ஏன் இவ்வளவு உயரத்தில் என்று பக்கத்து வீட்டுக் கிழவியிடம் கேட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு வேறு என்ன ஓடும்? மிஸிஸ் பார்க்கர் சிரித்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்துவிட்டா. தபால் போடுகிற வாயாம். உம்முடைய கடிதமெல்லாம் இனி அதால்தான் விழும்.

மிஸிஸ் பார்க்கருக்கு எழுபத்தொரு வயது. 40ஆம் இலக்க வீட்டிலேயே பிறந்தவ. இந்த இடம் முன்பு சதுப்பு நிலமாம். நூறு வருசத்துக்கு முதல் துறைமுக வேலைக்காரர் குடும்பங்களுக்கென்று இந்த வீடுகளைக் கட்டினார்களாம். இவவின் தகப்பன் அங்கே வாழைக்குலை இறக்கியவர். துறைமுகத்தைப் பூட்டி ஐந்து வருசம். வெள்ளைக்காரச் சனம் ஒவ்வொன்றாய் விற்றுவிட்டு எசெக்ஸ் பக்கம் போகிறது. முன் வரிசையில் நாலு வீடு மட்டும் புதுச் செங்கல், பல் கட்டின கிழவனின் வாய் மாதிரி. நாற்பதாம் ஆண்டு குண்டு விழுந்த இடமாம்.

விசாவுக்கு இன்னும் ஒன்றரை வருசம் பொறுக்கச் சொல்கிறார் லோயர். பிறகு நீரும் மெற்றில்டாவும் றீற்றாவும் இந்தக் கதவால் வருவீர்கள். இங்கே ஒரு பயமும் இல்லை. நல்ல சனம். ஒரு பயமும் இல்லை.

உம்முடைய
அருள்நேசன்


பாஷையூர்,
யாழ்ப்பாணம்.
20.4.1986

மெற்றில்டாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒரு பயமும் இல்லை என்று இரண்டு தரம் எழுதியிருக்கிறீர்கள். கலியாணம் கட்டின புதிதில் ‘நான் குடிக்கிறதில்லை’ என்றும் இரண்டு தரம்தான் சொன்னீர்கள். சரி, விடுகிறேன்.

கோட்டையிலிருந்து ஆமிக்காரர் செல் அடிக்கிறார்கள். எங்கள் பக்கம் ஒன்றும் விழவில்லை. பிள்ளைகள் சுகம். றீற்றா மட்டும் ஓலை விழுந்தாலும் காதைப் பொத்துகிறாள். ஏழு வயதில் அது வழக்கம்தான்.

தம்பி கஸ்பர் வளவுக்குள் பங்கர் வெட்டித் தந்தான். இடுப்பளவு வெட்ட முதலே தண்ணீர் ஊறிவிட்டது. கடல் பக்கத்து மண் வேறு என்ன செய்யும்? இறங்கினால் முழங்கால் மட்டும் தண்ணீர், தவளை வேறு. நேற்று ஹெலி வந்தபோது, தவளைக்குப் பயந்து றீற்றா இறங்கமாட்டேன் என்று நின்றாள்.

உங்கள் மிஸிஸ் பார்க்கரின் நிலமும் சதுப்பு என்கிறீர்கள். அவவுக்கும் குண்டு போட்டார்கள் என்கிறீர்கள். அவர்கள் எங்கே ஒளித்தார்கள்? தண்ணீருக்கு என்ன செய்தார்கள்? கேட்டு எழுதுங்கள். வெட்கப்பட்டு நிற்க வேண்டாம்.

பெர்னடெற்


பிளேஸ்டோ
15.6.1986

அன்புள்ள பெர்னடெற்,

கேட்டேன். அவ என்னைக் கையில் பிடித்துப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனா. பங்கர் இன்னும் இருக்கிறது. வளைந்த தகரக் கூடாரம், மேலே மண். இப்போது உள்ளே பழைய பெயின்ற் வாளியும் சில்லில்லாத சைக்கிளும். அவ இங்கிலீசில் சொன்னதை நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன். தெரிந்தால் என்மேல் வழக்குப் போடுவா.

“எங்களுக்கும் தண்ணிதான் முதல் எதிரி, ஜேர்மன்காரன் ரெண்டாவது,” என்றா. “அப்பா ரெண்டு அடிக்கு மேல தோண்டயில்லை. மிச்சத்தை நிலத்துக்கு மேல எழுப்பினார். சுத்திவர மண்ணை வெட்டி மேல குவிச்சார். உள்ளுக்கை ஒரு மூலையிலை சின்னக் கிடங்கு. ஊறுற தண்ணி அதுக்குள்ளை வரும், பேணியாலை அள்ளி ஊத்தலாம்.”

ஆழம் வேண்டாம், உயரம்தான். கஸ்பரிடம் சொல்லும். வாசலுக்கு நேரே ஒருவரும் இருக்கக் கூடாது, சுவரில் முதுகை வைத்து இருக்க வேண்டும். முக்கியமாக இன்னொன்று. பங்கருக்கு இரண்டு வாய் இருக்க வேண்டுமாம். முன் வரிசையில் ஒரு குடும்பம் குண்டுக்குத் தப்பியும், ஒரே வாசலில் செங்கல் விழுந்து மூடி, வெளியே வர முடியாமல் போய்விட்டதாம். அதைச் சொல்லும்போது மட்டும் மிஸிஸ் பார்க்கர் பகிடி விடவில்லை.

மேலே பூசணி நடட்டாம். வேர் மண்ணைப் பிடிக்கும், கறிக்கும் ஆகும் என்கிறா. படமும் கீறி வைத்திருக்கிறேன். மாட்டுவண்டில் மாதிரித் தெரிந்தால் அது என் கை வளம்.

இன்னொரு விசயம். இனிக் கடிதங்களை ஈஸ்ட் ஹாமில் செபமாலைமுத்து அண்ணையின் பலசரக்குக் கடை விலாசத்துக்குப் போடும். பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இந்த றோட்டுத் தபால்காரன் ஒரு மறதிக்காரன். வேறொன்றும் இல்லை.

அருள்நேசன்


பாஷையூர்
10.8.1986

மெற்றில்டாவின் அப்பாவுக்கு,

கஸ்பர் உங்கள் மாட்டுவண்டிலை இரண்டு நாள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பழையதை மூடிப் புதிதாகக் கட்டினான். பனங்குற்றி, தகரம், மண்மூட்டை. இரண்டு வாய். தண்ணீர் மூலைக் கிடங்குக்குள் நிற்கிறது. பூசணி மூன்று இலை விட்டிருக்கிறது. மிஸிஸ் பார்க்கருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

இனி மற்றக் கதை. உங்களோடு வேலை செய்யும் யோகராஜா, மனைவி ராஜிக்கு எழுதியிருக்கிறார். அருள்நேசன் இப்போது ஒருவரையும் வீட்டுக்குக் கூப்பிடுவதில்லையாம். கதவைத் தட்டினாலும் திறக்கமாட்டாராம். பின் கதவுக்கு முன்னால் அலுமாரி வைத்திருக்கிறாராம். ராஜி இதைப் பூசைக்குப் பிறகு கோயில் வாசலில், நாலு பேருக்கு முன்னால், என் தோளைத் தடவிக்கொண்டு சொன்னாள். ஏன் தடவினாள் என்று எனக்கு விளங்கும்.

மார்ச்சில் கடிதம் அந்த வாயால் விழும் என்றீர்கள். ஜூனில் கடைக்குப் போடு என்கிறீர்கள். என் கையெழுத்து அந்த வீட்டுக்குள் விழுந்தால் யாருக்குக் கரைச்சல்?

மன்னாரில் உங்கள் அம்மாவுக்கு எழுத முதல் உங்களையே கேட்கிறேன். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

பெர்னடெற்


பிளேஸ்டோ
21.9.1986

பெர்னடெற்,

உம்முடைய கடிதத்தைக் கடைக்குள்ளேயே நின்று வாசித்துச் சிரித்துவிட்டேன். செபமாலைமுத்து அண்ணை “என்ன, நல்ல செய்தியோ?” என்றார். வழுக்கை விழுந்த, பெற்றோல் மணக்கிற, இரண்டு சோடிச் சப்பாத்தும் ஓட்டையான ஒருவனுக்குப் பொம்பிளை. எந்தப் பொம்பிளைக்கு அவ்வளவு கஷ்டகாலம்? பிறகு கடைக்குப் பின்னால் போய் அரிசி மூட்டையில் இருந்தேன். சிரிப்பு வரவில்லை.

வீட்டில் ஒருவரும் இல்லை. பயம்தான் இருக்கிறது. எழுதுகிறேன்.

மே மாதம், ஒரு சனிக்கிழமை விடியற்காலை. 52ஆம் இலக்கத்தில் மியா என்று ஒரு பெங்காலி, தையல் வேலை, நாலு பிள்ளைகள். அவர் வீட்டுக் கதவின் வாயால் யாரோ பெற்றோலை ஊற்றி நெருப்புக் குச்சியைப் போட்டுவிட்டார்கள். படியெல்லாம் நெருப்பு. மியா மெத்தையை மேல் யன்னலால் றோட்டில் எறிந்து, பிள்ளைகளை ஒவ்வொன்றாய் அதில் போட்டார். எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். மூத்த பிள்ளைக்குக் கை முறிவு. மெற்றில்டாவின் வயது அவளுக்கு.

சத்தம் கேட்டு நானும் வாளியோடு ஓடினேன். கிட்டப் போய்த்தான் பார்த்தேன், வாளிக்குள் தண்ணீர் இல்லை. பிடிக்க மறந்துவிட்டேன். வெறும் வாளியோடு நெருப்புக்கு முன்னால் நின்ற மனிசனைத்தான் நீர் கட்டியிருக்கிறீர்.

இதைவிடக் கூடாத ஒன்று இருக்கிறது. அதற்கு இரண்டு நாள் முதல், பகல் ஷிப்டில், எங்கள் றோட் 23ஆம் இலக்கத்து ஆள் வெறும் பெற்றோல் கான் ஒன்றோடு வந்தான். பெரிய நாய் வைத்திருக்கிறவன். ஒரு நாளும் என்னோடு கதைத்ததில்லை. “என்னத்துக்கு?” என்று கேட்டேன். “புல்லு வெட்டுற மெஷினுக்கு,” என்றான். பெர்னடெற், எங்கள் றோட்டில் ஒரு வீட்டிலும் புல் இல்லை. முன்னால் றோட், பின்னால் சீமெந்து. அது தெரிந்தும் நான் பொத்தானை அமத்தினேன். கான் நிரம்பும் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். போகும்போது ‘தாங்யூ’ வேறு சொன்னேன்.

பொலிசுக்குச் சொன்னேன். “ஒரு கிழமையிலை எத்தனை பேர் கானிலை வாங்குவினம்?” என்று கேட்டார்கள். முப்பது பேர் இருக்கும் என்றேன். பேனையை மூடிவிட்டார்கள்.

அன்று பின்னேரம் கதவின் வாய்க்கு உள்ளும் புறமும் பலகை அடித்தேன். பதினொரு ஆணி. நாலு வளைந்தது, ஒன்று என் பெருவிரலில். பின் கதவுக்கு அலுமாரி. ஷிப்டில் கானோடு யார் வந்தாலும் என்னத்துக்கு என்று இரண்டு தரம் கேட்கிறேன். நான் விற்ற பெற்றோலா என்று தெரியாது. இன்றைக்கு விற்கிறது எந்த வீட்டுக்கு என்றும் தெரியாது.

இப்போது சொல்லும், அம்மாவுக்கு எழுதப் போகிறீரா?

அருள்நேசன்


பாஷையூர்
30.11.1986

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

பொம்பிளையாய் இருந்திருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும். இரண்டு பேச்சுப் பேசி முடித்திருப்பேன்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். ஏப்ரலில் எங்கள் பக்கம் ஒன்றும் விழவில்லை என்று எழுதினேன். விழுந்தது. எங்கள் குசினியில். நாங்கள் கிணற்றடியில் நின்றோம். றீற்றா ஓலை விழுந்தாலும் காதைப் பொத்துவது அதற்குப் பிறகுதான். ஆகவே பொய்யில் இரண்டு பேரும் சரிக்குச் சரி. இனி வேண்டாம்.

நெருப்பைப் பற்றி எனக்கு உங்களைவிடத் தெரியும். சொல்வதைச் செய்யுங்கள். பின் கதவு அலுமாரியை இன்றைக்கே தள்ளுங்கள். பங்கருக்கு இரண்டு வாய் வேண்டும் என்று எழுதினது யார்? அங்கே முன்னால் நெருப்பு வந்தால் நீங்கள் எதால் ஓடுவீர்கள்? கதவின் வாய்க்கு நேரே கீழே வாளி நிறைய மண் வையுங்கள். தண்ணீர் அல்ல, மண். எண்ணெய் நெருப்புத் தண்ணீரில் மிதந்து ஓடும். பக்கத்தில் ஈரச் சாக்கு. கீழே பாய், சீலை ஒன்றும் கிடக்கக் கூடாது. மேலே பின் அறையில் படுங்கள், யன்னலில் கயிறு கட்டுங்கள்.

பிறகு அந்தப் பலகையைக் கழற்றுங்கள். றோட்டால் போகிறவனுக்கு அது தெரியும்தானே? பயந்தவன் இந்த வீட்டில் இருக்கிறான் என்று எழுதி ஒட்டின மாதிரி இருக்கிறது.

பிள்ளைகளை ஒரு பங்கருக்குள்ளிருந்து எடுத்து இன்னொரு பங்கருக்குள் வைக்க நான் வரமாட்டேன். தபால் விழாத வீட்டில் மனிசர் இருக்க ஏலாது. இது கோபத்தில் எழுதினது இல்லை.

பெர்னடெற்


பிளேஸ்டோ
14.6.1987

பெர்னடெற்,

மார்ச்சுக்குப் பிறகு உம்மிடமிருந்து ஒன்றும் இல்லை. இது நான் போடும் நாலாவது கடிதம். வடமராட்சியில் சண்டை என்று றேடியோவில் சொன்னார்கள். இந்தியப் பிளேன்கள் வந்து சாப்பாட்டுச் சாமான் போட்டன என்றும் சொன்னார்கள். பாஷையூரைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. கடைக்கு நாளுக்கு இரண்டு தரம் போகிறேன். நான் வாசலில் தெரிந்ததுமே செபமாலைமுத்து அண்ணை தலையை ஆட்டிவிடுகிறார், இல்லையென்று. உள்ளே போக வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் போய் ஒரு தேங்காயாவது வாங்கி வருகிறேன். வீட்டில் பதினாலு தேங்காய் இருக்கிறது.

அலுமாரியைத் தள்ளிவிட்டேன். கயிறு கட்டியாயிற்று. பலகையில் ஓர் ஆணியைக் கழற்றினேன். பிறகு இரண்டு அடித்தேன். உண்மையை எழுதச் சொன்னீர்.

23ஆம் இலக்கத்தானைப் பற்றி மிஸிஸ் பார்க்கரிடம் ஒருநாள் சாடையாய்க் கேட்டேன். “அவனோ? தாயைப் புதைச்ச இடத்துப் புல்லை அவன்தான் வெட்டுறவன். முழு வரிசைக்கும் சேர்த்து வெட்டுவான், விசரன்,” என்றா. போய்ப் பார்த்தேன். உண்மைதான். மெஷினைத் தள்ளிக்கொண்டு நின்றான். நாய் கட்டியிருந்தது. அரை நாள் எனக்குச் சந்தோசம். பிறகுதான் உறைத்தது. இவ்வளவு நாளும் என் பயத்துக்கு ஒரு முகம் இருந்தது, ஒரு நாய் இருந்தது, எதிர்ப்பக்கம் பார்த்தால் போதும். இப்போது றோட்டில் வருகிற எல்லாரையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

மிஸிஸ் பார்க்கரும் வீட்டை விற்றுவிட்டா. துறைமுகத்துக்குள் ஏரோப்பிளேன் இறங்கும் இடம் கட்டுகிறார்கள், வீட்டு விலை ஏறுகிறது, மகளோடு கடல் பக்கம் போய்விடுகிறேன் என்றா. அந்த வீட்டை வாங்கினது பருத்தித்துறைக் குடும்பம் ஒன்று. வந்த அன்றே கதவின் வாயைக் காட்டி “அண்ணை, இது என்னத்துக்கு?” என்று என்னைத்தான் கேட்டார்கள். தபால் போட என்றேன், என் கதவுப் பலகையை முதுகால் மறைத்துக்கொண்டு.

போக முதல் அவ எனக்கு ஒரு சிவப்பு வாளி தந்தா. தகப்பனின் நெருப்பு வாளி, 1940 என்று பெயின்றில் எழுதியிருக்கிறது. “அண்டைக்கு நீ வெறும் வாளியோடை ஓடினதைப் பார்த்தனான்,” என்றா. ஒரு வருசமாகப் பகிடிக்கும் எடுக்காமல் வைத்திருந்திருக்கிறா.

ஒரு சொல் எழுதும். சுகம் என்று எழுத வேண்டாம். கையெழுத்து மட்டும் போதும்.

அருள்நேசன்


கொட்டாஞ்சேனை,
கொழும்பு.
20.1.1988

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளைகளும் கொழும்புக்கு வந்துவிட்டோம். என் கையெழுத்து இதுதான்.

ஒக்டோபரில் எங்கள் ஒழுங்கைக்குள் சண்டை வந்தது. பங்கருக்குள் ஆறு நாள் இருந்தோம், ஒன்பது பேர். மூலைக் கிடங்கிலிருந்து றீற்றாதான் தண்ணீர் அள்ளினாள். மூன்றாம் நாள் முன் வாய் இடிந்து மூடிவிட்டது. பின் வாயால் வந்தோம். மிஸிஸ் பார்க்கரின் தகப்பனுக்குப் பூசை ஒப்புக்கொடுத்தேன். அவர் வேறு சபையாக இருந்தாலும் பரவாயில்லை.

கஸ்பர் இல்லை. குடிக்கிற தண்ணீர் முடிந்து கிணற்றடிக்குப் போனவன். அவன் கட்டின பங்கரில் அவனை வைத்துக்கொள்ள முடியவில்லை. நேரில் சொல்கிறேன். எழுத ஏலாது.

அகதியாய்க் கோயிலுக்குள் இருந்தபோது, நவம்பரில், ஒருவரிடம் கொடுத்து உங்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். வீட்டு விலாசத்துக்கு. விழுந்ததா என்று தெரியாது.

போன கிழமை விசா தந்துவிட்டார்கள். இதையும் கடைக்கு அனுப்பவில்லை, வீட்டுக்கே போடுகிறேன். உள்ளே விழுந்தால் பதில் வரும், நாங்கள் வருவோம். மார்ச் ஐந்துக்குள் பதில் வராவிட்டால் பலகை இன்னும் இருக்கிறது என்று எடுத்து, பிள்ளைகளோடு மன்னாருக்கு உங்கள் அம்மாவிடம் போகிறேன். கோபம் இல்லை. மூடின வாசலுக்குள் இனி என்னால் இருக்க முடியாது.

பெர்னடெற்


38, பெல்மோர் றோட்,
பிளேஸ்டோ.
7.2.1988

பெர்னடெற்,

விழுந்தது.

எப்படி விழுந்தது என்று சொல்ல வேண்டும். டிசம்பரில் ஒரு நாள் வேலைக்குப் போகும்போது தபால்காரன் றோட்டில் மறித்தான். “உமக்கு ஒரு நீலக் கடுதாசி வந்தது, வெளிநாடு. போட இடமில்லை, தட்டினன், ஆள் இல்லை. ரெண்டு தரம் கொண்டுவந்தன். திருப்பி அனுப்பியாச்சு,” என்றான். அவனை நான் மறதிக்காரன் என்று உமக்கு எழுதியவன். நெருப்பு வந்தால் என்ன செய்வது என்று ஒன்றரை வருசம் யோசித்தேன். உம்முடைய கையெழுத்து வந்து தட்டிவிட்டுத் திரும்பிப் போகும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. அது உயிரோடு இருக்கிற ஆளின் கடிதமா, கடைசிக் கடிதமா என்றும் தெரியாது.

வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பி ஆணிகளைக் கழற்றினேன். அடித்ததைவிடக் கழற்றுவது கஷ்டம், நான் வளைத்து அடித்திருந்தேன். மியா சத்தம் கேட்டு வந்து, ஒன்றும் கேளாமல் மற்றப் பக்கத்தைப் பிடித்தார். அவர் வீட்டு வாய்க்கு உள்ளே கவுன்சில் இரும்புப் பெட்டி பூட்டிக் கொடுத்திருக்கிறது. எனக்கும் ஒன்று கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன்.

சிவப்பு வாளியில் மண் நிரப்பி நேரே கீழே வைத்தேன். ஈரச் சாக்கும் வைத்தேன். பிறகு ஷிப்ட் இல்லாத நேரமெல்லாம் படியில் இருந்தேன். மூடி முதல் தரம் அடித்தபோது நான் மேல் படியில் நின்றேன், எப்போது ஏறினேன் என்று தெரியாது. வந்தது வீடு வாங்குகிற கொம்பனியின் கடுதாசி. உங்கள் பகுதி முன்னேறுகிறது, வீட்டை விற்க விருப்பமா என்று கேட்டிருந்தார்கள். வாடகைக்கு இருக்கிறவனைப் பார்த்து. அடுத்தது நாய்ச் சாப்பாட்டு விளம்பரம். ஆறு கிழமையாக இந்த லண்டன் எனக்கு என்னவெல்லாம் விற்கப் பார்க்கிறது என்று, ஒவ்வொன்றுக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படித்தேன்.

நேற்றுக் காலை உம்முடையது வந்தது. மண்ணுக்குள் குத்தி நின்றது. கஸ்பரின் இடத்துக்கு வந்தபோது அதற்கு மேல் வாசிக்க முடியாமல் பின்வளவுக்குப் போனேன். மிஸிஸ் பார்க்கரின் பங்கர் மதிலுக்கு அந்தப் பக்கம். பருத்தித்துறைக்காரர் மேலே வெங்காயம் நட்டிருக்கிறார்கள். உள்ளே வந்துதான் மிச்சத்தை வாசித்தேன்.

பொய் வேண்டாம் என்றீர், ஆகவே கேளும். பயம் போகவில்லை. 52இல் யார் ஊற்றியது என்று இன்றைக்கும் தெரியாது. போன மாதம் பக்கத்து றோட்டில் ஒரு வீட்டு யன்னலை உடைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு மெற்றில்டாவை நாங்கள் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். றீற்றா இங்கேயும் காதைப் பொத்துவாள், நவம்பரில் வெடி கொளுத்துகிறார்கள். ஆனால் இந்த றோட்டில் இப்போது தட்டினால் திறக்கிற கதவு நாலு இருக்கிறது, எங்களுடையதோடு. பின் கதவும் திறந்துதான் கிடக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மூடி ஒருக்கால் சத்தம் போட்டது. பேனையை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். தரையில் ஒன்றும் இல்லை. மணந்து பார்த்தேன், அந்த மணம் இல்லை. காற்றுத்தான்.

வாளியில் மண் நிரம்ப இருக்கிறது. வாரும்.

அருள்நேசன்